அரைப்பேர்

எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
பதினெட்டுக் கிலோ நிறுத்தால் பேர்.
பதினேழரை என்றால் அரைப்பேர்.
இது தெரிந்தால்தான்
சடகோபனை நான் பார்க்கிற விதம் உங்களுக்குப் பிடிபடும்.

படத்தில் பேர் போடும்போது
கதாநாயகனுக்குத் தனித்திரை, இடி மின்னலோடு.
அப்புறம் நாயகி. அப்புறம் வில்லன்.
அப்புறம் ஒரே திரையில் பதினாலு பேர்,
லயத்துக் காம்பராவில் நாங்கள் படுக்கிற மாதிரி நெருக்கியடித்து.
அதில் கடைசிக்கு முந்தின வரி சடகோபன்.
வாசிப்பதற்குள் மாறிவிடும்.
நான் வாசித்துவிடுவேன்.

ஒரு படத்தில் வட்டிக்காரர்.
மகள் கழுத்தில் தாலி ஏறுகிறது, எல்லோரும் அட்சதை போடுகிறார்கள்,
இவர் உள்ளங்கை அரிசியை எண்ணிக்கொண்டிருப்பார்.
எண்ணு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
கேமரா மாப்பிள்ளை மேல்.
இவர் ஓரத்தில், ஒரு தோள் வெட்டுப்பட்டு.

ஐந்து படத்தில் டாக்டர்.
'எங்களால முடிஞ்சதச் செஞ்சிட்டோம்' என்று சொல்லி
மற்ற நடிகர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார்கள்.
இவர் சட்டைப் பையில் பேனாவைத் தேடுவார்.
பேனா அங்கேயேதான் இருக்கும்.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் என் நாத்தனார் போன ராத்திரி
அந்த டாக்டரும் அப்படித்தான் தேடினார்.
சிங்களப் பையன். சடகோபனைப் பார்த்திருக்க வழியில்லை.

'மூலையவே பாக்குறியே, ஒனக்குக் கண்ணு கோணலா?'
என்பார் வைரக்கண்ணு.
டீவியே கோணலாத்தானே நிக்குது என்பேன்.
அதன் ஒரு காலுக்கு அடியில் தீப்பெட்டி வைத்திருக்கிறோம்.

ஏட்டாக வந்ததைச் சொல்ல வேண்டும்.
கதாநாயகனின் தாயை அடிக்கச் சொல்கிறான் இன்ஸ்பெக்டர்.
ஓங்கின கை ஒரு நொடி இறங்கிக் காதைச் சொறியும்.
பிறகு அடிப்பார்.
அடிக்காமல் விட்டிருந்தால் கைதட்டல் விழுந்திருக்கும்.
அடித்தார்.
அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன புதன்கிழமை மழை.
பொகவந்தலாவைப் பக்கம் மழை என்றால்
ஆகாயத்திலிருந்து மட்டும் வருவதில்லை,
செடிக்குள்ளிருந்தும் வரும், இடுப்புக்கு மேலே வரை.
தராசு பதினெட்டரை காட்டியது.
'தண்ணிக் கொழுந்து' என்று ரெண்டு கிலோ வெட்டி
பதினாறரை எழுதினார் கணக்கப்பிள்ளை மரியநேசன்.

ஏதாவது கேட்டிருக்கலாம்.
வாய்க்கு வசனம் வரவில்லை.
சாக்கைத் தராசிலிருந்து எடுக்காமல் நின்றேன்.
தலைத்துண்டை அவிழ்த்தேன். பிழிந்தேன்.
அவசரமில்லாமல், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு.
தண்ணீர் அவர் சப்பாத்தில் விழுந்தது.
பின்னால் ராசமலர், குழந்தையாயி, இன்னும் முப்பது பேர்.
ஒருத்தியும் தள்ளவில்லை. ஒருத்தியும் பேசவில்லை.
அட்டை ஒன்று என் கெண்டைக்காலில் ஏறிக்கொண்டிருந்தது.
குனியவில்லை.

மரியநேசன் தராசைப் பார்த்தார்.
என் சாக்கைப் பார்த்தார்.
சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.
பேனா கையில்தான் இருந்தது.

பதினாறரையை அடித்தார்.
பதினேழரை என்று எழுதினார்.

ராசமலர் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.
காலில் ரத்தம் வழிய லயத்துக்கு நடந்தோம்.
'அந்தாளு மூஞ்சியப் பாத்தியா?' என்று
வழி முழுக்க அவளே மரியநேசனாக நடித்துக்கொண்டு வந்தாள்.
நன்றாக நடித்தாள், பேனாவைத்தான் விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு படம், நான் பார்க்காதது.
அடுப்படியில் ரொட்டி புரட்டிக்கொண்டிருந்தேன்.
'போடுறான் பாரு ஒன் ஆளு பேர' என்று கத்தினார் வைரக்கண்ணு.
கையில் மாவோடு ஓடி வருவதற்குள்
மலையில் மூட்டம் இறங்கி டிஷ் செத்துப்போனது.
கட்டம் கட்டமாக உடைந்த திரையில்
'சட' என்று மட்டும்
கொஞ்ச நேரம் நின்றது.